மலருக்கு எந்த மென்பொருள்: ஸ்கிரைபஸா, இன்டிசைனா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு இடம் மாறி வந்த பள்ளி. நிறைவு விழாவுக்கு ஏ4 அளவில் 120 பக்க மலர் கொண்டு வரப் போகிறோம். பழைய மலரைப் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்து கொடுத்தவர் இப்போது ஊரில் இல்லை. பள்ளிக் கணினியில் யாரோ போட்டு வைத்த உரிமமில்லாத இன்டிசைன் இருந்தது. அதை அழிக்கச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியர். சந்தா கட்டி முறையாக வாங்கலாம் என்கிறார் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். ஸ்கிரைபஸ் இலவசம், அதுவே போதும் என்கிறான் என் மகன். ஆனால் ஸ்கிரைபஸில் கட்டுரைகளை ஒட்டினால் சில இடங்களில் கட்டம் கட்டமாக வருகிறது. ஒரு கட்டுரை முழுக்க ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. நாங்கள் எதில் செய்து கொடுத்தாலும் ஈப்போ அச்சகம் எடுத்துக்கொள்ளுமா? எதை நம்பி இறங்கலாம்?
— ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட், பேராக்

பதில்:

வணக்கம் டீச்சர்.

ஸ்கிரைபஸ் போதும். தலைவர் சொல்வதுபோல் சந்தா கட்டினாலும் அந்த ஆங்கில எழுத்து போகாது, ஏனென்றால் கோளாறு கட்டுரையிலேயே இருக்கிறது. ஆகவே முதலில் கட்டுரைகளைச் சரிசெய்வோம். மென்பொருள் ஒப்பீடு பிறகு.

ஆங்கிலமாகக் கொட்டுவது யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) வருவதற்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய கட்டுரை. பாமினி போன்ற எழுத்துருக்களில் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான். அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருப்பார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்று தட்ட ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என ஐந்து விசைகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி ஐந்தும் வெளியே தெரிகின்றன. கோப்பை வோர்டில் திறந்து எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். பாமினியா, டிஸ்கி வகையா, தாப், தாம் வகையா என்று தெரிந்தால்தான் மாற்றியில் சரியான மூலத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். என்எச்எம் கன்வர்ட்டர் இந்த வேலைக்குப் போதும். மூலத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் அது ஏதோ ஒரு தமிழைக் கொடுக்கும், ஆனால் படித்தால் பொருள் வராது. அப்படி வந்ததைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். வேறு மூலத்தை வைத்து மறுபடி மாற்றிப் பாருங்கள்.

மாற்றிய பிறகும் ஒரு பொறி இருக்கிறது. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது வோர்டின் பழக்கம். பாமினியில் சின்ன ஜே என்றால் ‘த’, பெரிய ஜே என்றால் ‘து’. கட்டுரையாளர் கவனிக்காமல் விட்டிருந்தால் வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘தமிழ்’ என்பது ‘துமிழ்’ ஆகியிருக்கும், ‘கடை’ என்பது ‘குடை’ ஆகியிருக்கும். குடையும் ஒரு நல்ல தமிழ்ச் சொல்தான். எந்தப் பிழைதிருத்தியும் அதைப் பிடிக்காது. ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் அடுத்த சொல்லை ஆள்தான் கண்ணால் பார்க்க வேண்டும்.

கட்டங்கள் வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். வோர்டும் லிப்ரே ஆபிஸும் ஓர் எழுத்துருவில் இல்லாத எழுத்தைச் சத்தமில்லாமல் வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிக் காட்டும். ஸ்கிரைபஸ் 1.6 அப்படிக் கடன் வாங்காது. இல்லாததற்குக் கட்டத்தைப் போடும். சில தமிழ் எழுத்துருக்களில் ரூமி எழுத்தே (மலாய் எழுதும் ஆங்கில எழுத்து) கிடையாது. கட்டுரைக்கு நடுவில் கல்வி இலாகாவின் மலாய்ப் பெயரோ பள்ளியின் மலாய்ச் சுருக்கமோ வந்தால் அந்த இடத்தில் கட்டம் விழும். இதற்கு எளிய வழி, இரண்டு எழுத்தும் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது. முக்தா மலர், காடமரான் இரண்டும் அப்படிப்பட்டவை, இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. மற்ற காரணம், இணையத்திலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ ஒட்டும்போது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத குறிகள். அவற்றை லிப்ரே ஆபிஸில் தேடி நீக்கிவிட்டு ஸ்கிரைபஸுக்குக் கொண்டுபோனால் தொல்லை இல்லை.

இனி மென்பொருள்.

தமிழுக்கு எந்தப் பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒத்துவரும் என்பதை அதன் விளம்பரப் பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது. ஓர் உரைச் சட்டத்தை (டெக்ஸ்ட் ஃபிரேம்) போட்டு அதில் இதைத் தட்டுங்கள்: கொ கோ கௌ கை ணை மூ டூ க்ஷ ஸ்ரீ. யூனிகோட்டில் ‘கெ’ என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. ‘கொ’ என்றால் குறியை இரண்டாகப் பிரித்துக் ககரத்தின் இரு பக்கமும் நிறுத்த வேண்டும். இது தெரியாத மென்பொருளில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் தோன்றும். அந்த ஒரு வரி சரியாக வந்தால் மென்பொருள் உங்கள் மலருக்கு ஆகும். வராவிட்டால் மற்ற வசதி எதுவும் கணக்கில்லை.

ஸ்கிரைபஸின் 1.4 வரிசைப் பதிப்புகள் இந்தச் சோதனையில் தோற்றன. ‘ஸ்கிரைபஸில் தமிழ் வராது’ என்று இன்றும் சிலர் சொல்வதற்கு அந்தப் பதிப்புகள்தான் காரணம். பிறகு ஓமான் நாட்டைச் சேர்ந்த ஒரு குழு அரபி எழுத்துக்காக ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து அமைப்பு இயந்திரத்தை அதற்குள் கொண்டு வந்தது. அரபிக்கு வெட்டிய வாய்க்காலில் தமிழுக்கும் தண்ணீர் பாய்ந்தது. அந்த வேலையோடு நிலையான பதிப்பாக 1.6 வந்தது 2024இல். ஆகவே உங்கள் கணினியில் இருப்பது 1.4 என்றால் நீக்கிவிட்டு 1.6 வரிசையைப் போடுங்கள். 1.7 என்று தொடங்குவது சோதனைப் பதிப்பு, மலர் வேலைக்கு அது வேண்டாம். எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு இருக்கட்டும், 1.6இல் சேமித்ததை 1.4 திறக்காது. விண்டோஸில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற துணை மென்பொருளையும் சேர்த்து நிறுவுங்கள். அச்சு முன்னோட்டம் அதை நம்பித்தான் ஓடுகிறது.

இன்டிசைன் நல்ல மென்பொருள், மறுப்பதற்கில்லை. அடோபி அதை 1999இல் கொண்டு வந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். அதன் பிறகு அடோபியின் உழைப்பெல்லாம் இன்டிசைனில்தான். காசுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால், பெரிய வித்தியாசம் வரி பிரிப்பதில். இன்டிசைன் பத்தி முழுவதையும் பார்த்து எந்த வரியை எங்கே முறிப்பது என்று முடிவு செய்யும். ஸ்கிரைபஸ் ஒவ்வொரு வரியாகத்தான் பார்க்கும். ஆங்கிலத்தில் இது சின்ன வித்தியாசம், தமிழில் பெரிது. ‘ஒருங்கிணைப்பாளர்களுக்கும்’ என்ற ஒரே சொல் 55 மில்லிமீட்டர் அகலமுள்ள நெடுக்குப் பத்தியின் ஒரு வரியை ஏறக்குறைய விழுங்கிவிடும். அதற்கு முந்தைய வரியில் இரண்டே சொற்கள் நின்று, நடுவில் மாட்டு வண்டி போகிற அளவுக்கு இடைவெளி விழும். இன்டிசைனிலும் விழும், கொஞ்சம் குறைவாக. ஸ்கிரைபஸில் இதற்கு மருந்து பக்கத்தை மூன்று நெடுக்குப் பத்தியாகப் பிரிப்பதைக் கைவிடுவதுதான். இரண்டு பத்தியாக வையுங்கள். மூன்று பத்தி வேண்டியே ஆகவேண்டும் என்றால் வலது ஓரத்தைச் சமன்செய்யாமல் விடுங்கள்.

அடிக்குறிப்பு நிறைந்த ஆய்வு மலர், விலைப்பட்டியல் மாதிரி அட்டவணைகள், ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேர் உட்காரும் வேலை, நூற்றுக்கணக்கான நற்சான்றிதழ்களில் பெயரை மட்டும் மாற்றுவது: இவற்றில் இன்டிசைன் கை ஓங்கியிருக்கிறது. உங்கள் மலரில் வாழ்த்துரை, கட்டுரை, படம், மாணவர் பட்டியல், விளம்பரம். இதற்கு அது தேவையில்லை.

சந்தாவில் இன்னொரு விஷயத்தையும் தலைவரிடம் சொல்லுங்கள். கட்டுவதை நிறுத்தினால் மென்பொருள் நின்றுவிடும். உங்கள் கோப்பு உங்களிடமே இருக்கும், ஆனால் திறக்க முடியாது. ஸ்கிரைபஸும் அஃபினிட்டி என்ற இன்னொரு வடிவமைப்பு மென்பொருளும் இன்டிசைனின் சொந்தக் கோப்பைத் திறப்பதில்லை. ஐடிஎம்எல் என்ற பரிமாற்ற வடிவத்தில் ஏற்றுமதி செய்து வைத்திருந்தால் ஓரளவு திறக்கும், பாணிகளும் அட்டவணைகளும் கொஞ்சம் சிதையும். சங்கம் சந்தாதான் என்று முடிவெடுத்தால், மாதச் சந்தா முடிவதற்குள் ஒவ்வொரு கோப்பையும் பேக்கேஜ் செய்யுங்கள். அந்தப் பெட்டியிலேயே ஐடிஎம்எல், பிடிஎஃப் இரண்டையும் சேர்க்கச் சொல்லும் தேர்வுகள் இருக்கின்றன. இன்டிசைனில் தமிழுக்குப் பத்திப் பலகையின் மெனுவில் வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் ‘ஐயோ, காசு கட்டியும் கொம்பு பின்னால் போகிறதே’ என்று கலங்குகிறவர்கள் நிறைய. கோப்பு எதுவும் திறக்காத நிலையில் அதைத் தேர்ந்தெடுத்தால் புதிய கோப்புகளுக்கெல்லாம் அதுவே இயல்பாகிவிடும். பழைய வார்ப்புருவில் தொடங்கினால் மட்டும் மறுபடி மாற்ற வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அஃபினிட்டியை 2024இல் கேன்வா நிறுவனம் வாங்கியது, 2025இல் அதை இலவசமாக்கியது. இலவசம் வேறு, திறமூலம் வேறு. அதன் மூலநிரல் வெளியில் இல்லை, இலவசத்தை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதோடு அஃபினிட்டி பப்ளிஷர் 2 இந்திய எழுத்துகளைக் கோத்து அமைக்கவில்லை. புதிய பதிப்பை யாராவது சிபாரிசு செய்தால், முன்சொன்ன ‘கொ கோ கௌ’ வரியை முதலில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரின் ஆயுள் 2026 அக்டோபரோடு முடிகிறது, அதில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். கேன்வா அழைப்பிதழுக்கும் பதாகைக்கும் நன்றாக இருக்கும். 120 பக்கத்தை அதில் செய்தால் ஒரு பத்தியைக் கூட்டும்போது பின்னால் உள்ள அத்தனை பக்கத்தையும் கையால் நகர்த்த வேண்டிவரும். அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறத்தில் பிடிஎஃப் எடுப்பதும் அங்கே கட்டணப் பயனருக்குத்தான்.

வேலையைத் தொடங்கும் முன் அச்சகத்தோடு பேசுங்கள். ‘ஏஐ ஃபைல் இருக்கா, கோரல் ஃபைல் இருக்கா’ என்று இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா கோப்புகளைக் கேட்டால் மிரள வேண்டாம். அட்டையில் எதையாவது மாற்ற வேண்டிவருமே என்று பழக்கத்தில் கேட்பது. அச்சுக்குத் தயாரான பிடிஎஃப் தருகிறேன் என்றால் பெரும்பாலும் நிம்மதியாக ஒப்புக்கொள்வார்கள். கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: அச்சுக்கான பிடிஎஃப் வகைகளில் எக்ஸ்-1ஏ வேண்டுமா எக்ஸ்-4 வேண்டுமா, எந்த நிற விவரக்கோப்பு (ஐசிசி புரொஃபைல்), வெட்டு மிகை (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) 3 மில்லிமீட்டர் போதுமா, வெட்டுக்குறி வேண்டுமா, தாள் எத்தனை கிராம், முதுகு எத்தனை மில்லிமீட்டர். 120 பக்கம் என்றால் 60 தாள். நடுவில் ஊசி போட்டால் புத்தகம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பசை வைத்து முதுகு கட்டுவதுதான் சரி. பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருப்பது நல்லது. பதினாறின் மடங்கு என்றால் பல அச்சகங்களில் தாள் வீணாவது குறையும், ஆகவே 112 அல்லது 128 பக்கத்துக்கு விலை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். சில சமயம் எட்டுப் பக்கம் கூட்டினாலும் விலை ஏறாது.

ஸ்கிரைபஸில் புதிய ஆவணம் திறக்கும்போது ஏ4, எதிரெதிர்ப் பக்கங்கள், முதல் பக்கம் வலது என்று தேர்ந்தெடுங்கள். உள் ஓரம் 20 மில்லிமீட்டர், வெளி ஓரம் 15, மேலே 18, கீழே 20. பசை முதுகுக்கு உள் ஓரம் இதைவிடக் குறையக்கூடாது, குறைந்தால் வரியின் கடைசி எழுத்து மடிப்புக்குள் போய்விடும். மீதி அகலம் 175 மில்லிமீட்டர். இரண்டு பத்தி, நடுவில் 7 மில்லிமீட்டர் விட்டால் ஒரு பத்திக்கு 84.

உடல் எழுத்து 10.5 புள்ளி, வரி இடைவெளி 16 புள்ளி. ஆங்கிலப் பழக்கத்தில் 12, 13 என்று வைப்பவர்கள் உண்டு. தமிழில் மேல் வரியின் ‘மூ’ ‘ளு’ வால்கள் கீழ் வரியின் ‘கீ’ ‘லீ’ சுழிகளில் முட்டும். அடிக்கோட்டு வலையையும் (பேஸ்லைன் கிரிட்) அதே 16 புள்ளிக்கு வைத்து, பத்திப் பாணியில் வரிகளை வலையோடு ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு பத்திகளின் வரிகளும் அப்போதுதான் நேருக்கு நேர் நிற்கும். தலைப்பில்லாத முழுப் பக்கம் 400 சொல் கொள்ளும் என்று வைத்துக் கட்டுரையாளர்களுக்கு அளவு சொல்லலாம்.

எழுத்துருவை கூகுள் ஃபான்ட்ஸில் இறக்கினால் சிலவற்றில் ஒரே கோப்புக்குள் எல்லாத் தடிமனும் அடங்கிய மாறும் வகை வரும். அதோடு ஸ்டேடிக் என்ற உறை (ஃபோல்டர்) இருந்தால் அதிலுள்ள தனித்தனிக் கோப்புகளை நிறுவுங்கள், ஸ்கிரைபஸுக்கு அவைதான் ஒத்துவரும். வோர்டில் போல ‘பி’ பொத்தானை அழுத்தித் தடிமனாக்கும் வேலையும் இங்கே நடக்காது. தடித்த எழுத்துக்குத் தனிக் கோப்பு இருந்தால்தான் தடித்து வரும். இது குறையாகத் தெரியும். ஆனால் போலித் தடிமன் அச்சில் ‘ண’ ‘ஞ’ வயிறுகளை மையால் அடைத்துவிடும், அந்தத் தொல்லை இங்கே இல்லை.

கட்டுரைகளை லிப்ரே ஆபிஸில் திருத்தி முடித்த பிறகே உள்ளே கொண்டு வாருங்கள். கொண்டு வரும்போது வெறும் உரையை மட்டும் எடு என்ற தேர்வை இட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பழைய கோப்பின் எழுத்துருவும் திரைக் கறுப்பும் சேர்ந்து வரும். ஒரு சட்டத்திலிருந்து அடுத்த சட்டத்துக்கு உரையை ஓட்ட, முதல் சட்டத்தைத் தேர்ந்து ஆங்கில என் விசையை அழுத்தி அடுத்ததைச் சொடுக்குங்கள். துண்டிக்க யூ விசை. 120 பக்கத்தையும் ஒரே சங்கிலியாகக் கோக்காதீர்கள். ஓர் எழுத்தைத் திருத்தினால்கூடக் கடைசிப் பக்கம் வரை கணக்குப் போட்டுக்கொண்டு ஸ்கிரைபஸ் திணறும். கட்டுரைக்கு ஒரு சங்கிலி போதும். இன்னும் பாதுகாப்பாக, மலரையே 24 அல்லது 32 பக்கக் கோப்புகளாகப் பிரித்து, ஆவண அமைப்பில் பிரிவுகள் என்ற இடத்தில் தொடக்க எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பிடிஎஃப்களைக் கடைசியில் பிடிஎஃப் அரேஞ்சர் கொண்டு சேர்க்கலாம், அதுவும் திறமூலம்தான். ஸ்கிரைபஸ் சொல்லாமல் மூடிக்கொள்வதும் உண்டு. ஒவ்வொரு நாளும் தேதி போட்ட புதிய பெயரில் சேமியுங்கள்.

மாணவர் பட்டியலுக்கு ஸ்கிரைபஸின் அட்டவணையை நம்ப வேண்டாம், அது இன்னும் முரட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. லிப்ரே ஆபிஸ் கால்கில் பட்டியலை வைத்து, தாவல் (டேப் விசை) பிரித்த உரையாக எடுத்து, பத்திப் பாணியில் தாவல் நிறுத்தங்கள் போட்டால் போதும். பெயருக்கு முன் வரும் முதலெழுத்து வரியின் கடைசியிலும் பெயர் அடுத்த வரியிலும் விழாமல் இருக்க இரண்டுக்கும் நடுவில் பிரியா இடைவெளி வையுங்கள்.

படங்கள்தான் மலரைக் கெடுக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் நீளப் பக்கத்தில் ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் அது 135 மில்லிமீட்டர் அகலத்துக்குத்தான் தாங்கும். நாற்பது பேர் நிற்கும் ஆசிரியர் குழுப் படத்தை 175 மில்லிமீட்டரில் போட்டால் பின்வரிசையில் யார் யார் என்றே தெரியாது. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், முழு அளவில் வரும். பிரட்டுக் களத்தில் (தோட்டத் தொழிலாளர்கள் காலையில் கூடும் இடம்) எடுத்த பழைய கூட்டுப்படம், பழைய பள்ளிக் கட்டடத்தின் படம் எல்லாம் பெரும்பாலும் கையகல அச்சாக இருக்கும். 127 மில்லிமீட்டர் படத்தை முழு அகலத்துக்குப் பெரிதாக்க 413 டிபிஐ தேவை, ஆகவே 600இல் ஸ்கேன் செய்துவிடுங்கள். கைப்பேசியால் படத்தைப் படம் பிடித்து அனுப்புவார்கள், மேலே குழல்விளக்கு மின்னும். திருப்பி அனுப்பி அசலைக் கேளுங்கள். ஸ்கிரைபஸ் படத்தைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை, அது இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்கிறது. விரலியில் (பென் டிரைவ்) வைத்த படத்தைச் செருகிவிட்டு விரலியைக் கழற்றினால் படம் காணாமல் போகும். வேறு கணினிக்குக் கொண்டுபோகும்போது ஃபைல் மெனுவில் கலெக்ட் ஃபார் அவுட்புட் கொடுத்து, எழுத்துருக்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த மலரைச் செய்யப் போகிறவருக்குக் கொடுத்து வைக்க வேண்டியதும் அந்த உறைதான்.

பிடிஎஃப் எடுக்கும் இடத்தில் இரண்டு தடங்கல்கள் வரும். நிற மேலாண்மையை முடுக்கிவிடாமல் போனால் எக்ஸ் வகை பிடிஎஃப்கள் தேர்வுக்கே வராது. முடுக்கிய பிறகும் சேமி பொத்தான் மங்கியே இருந்தால், ப்ரீ-பிரஸ் தாவலில் இன்ஃபோ ஸ்டிரிங் என்ற கட்டம் காலியாக இருக்கிறது என்று பொருள். பள்ளியின் பெயரை அதில் தட்டுங்கள். வெட்டு மிகையை ஆவணத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் பதிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் தானாக ஓடும் சரிபார்ப்பு, சட்டத்தில் அடங்காமல் வழிந்த உரை, இல்லாத எழுத்து, குறைந்த தரப் படம் மூன்றையும் காட்டும். வழிந்த உரையை அலட்சியம் செய்யாதீர்கள். கட்டுரையின் கடைசி வரி, அதாவது எழுதியவரின் பெயர், அங்கேதான் தொலையும்.

ஒரு சோதனையை மட்டும் விடாமல் செய்யுங்கள். அவுட்புட் பிரிவியூவில் நான்கு மைகளையும் தனித்தனியாக அணைக்கும் கட்டங்கள் இருக்கும். கறுப்பை மட்டும் அணைத்துவிட்டுக் கட்டுரைப் பக்கத்தைப் பாருங்கள். எழுத்து முழுக்க மறைந்துபோக வேண்டும். சாம்பல் நிழலாக எழுத்து நின்றால் அது நான்கு மையும் கலந்த கறுப்பு. அச்சு இயந்திரத்தில் ஒரு மை மயிரிழை நகர்ந்தாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் சிவப்போ நீலமோ ஓரம் கட்டும், 10.5 புள்ளி எழுத்து மங்கலாகிவிடும். எழுத்துக்கு ஸ்கிரைபஸின் ‘பிளாக்’ நிறத்தை மட்டும் கொடுங்கள். நிறப் பட்டியலில் ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று இன்னொரு கறுப்பு இருக்கும், அது வெட்டுக்குறிக்கு மட்டும். அதில் நான்கு மையும் நூறு நூறாக விழும்.

பக்கத்தை மூடும் முன் அச்சகத்தாரின் பெயர் முகவரி, வெளியிடுபவரின் பெயர் முகவரி இரண்டும் முதல் தாளிலோ கடைசித் தாளிலோ மலாயில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கிறதா பாருங்கள். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் அதைக் கேட்கிறது. தமிழில் மட்டும் போட்டுவிட்டுப் போகிற மலர்கள் உண்டு.

120 பக்கத்தையும் முடித்துவிட்டு அச்சகத்துக்குப் போகாதீர்கள். கட்டுரைப் பக்கம் ஒன்று, குழுப் படப் பக்கம் ஒன்று, பெயர்ப் பட்டியல் ஒன்று, வாழ்த்துரை ஒன்று என நான்கு பக்கத்தைச் செய்து பிடிஎஃப் எடுத்து அனுப்பி, தாளில் மாதிரி எடுத்துத் தரச் சொல்லுங்கள். மாதிரி கைக்கு வந்ததும் வாழ்த்துரையில் கோவில் பெயரைத் தேடிப் பாருங்கள். ‘ஸ்ரீ’யைச் சிலர் ஸகரத்தில் தொடங்கித் தட்டியிருப்பார்கள், சிலர் 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியிருப்பார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். உங்கள் எழுத்துருவில் ஒன்று மட்டும் கூட்டெழுத்தாக அமைந்து, மற்றது ‘ஸ்’ தனி ‘ரீ’ தனி என்று உடைந்து நின்றால், லிப்ரே ஆபிஸில் எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே வகைக்கு மாற்றிவிட்டு மீதிப் பக்கங்களைத் தொடங்குங்கள்.